ஆண் கூலி, பெண் கூலி: இடத்துக்கு இடம் மாறும் இடைவெளி

ஒரே பயிருக்கு, ஒரே பருவத்தில் அளிக்கப்படும் கூலி ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. ஓர் ஊருக்குள்ளேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறது. முதலாவதை இட வேறுபாடு என்றும், இரண்டாவதைப் பால் வேறுபாடு என்றும் கூறலாம். புள்ளி விவர அறிக்கைகளில் இவ்விரண்டும் தனித்தனி அட்டவணைகளில் இடம் பெறுவதே வழக்கம். ஆயினும் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஓரிடத்தில் கூலி உயரும்போது அவ்வுயர்வு ஆணையும் பெண்ணையும் ஒரே அளவில் வந்தடைவதில்லை. இதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கிராமங்களில் விவரம் சேகரிக்கும் ஊழியர்களுக்கும், வகுப்பில் விகிதமும் சராசரியும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இப்பொருள் பயன்படும் என்று நம்புகிறோம்.

மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடம்

இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் இடம் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள பலமனேர். சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதை வழியே மேடேறிச் சென்றால், கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேல் அமைந்துள்ள இப்பீடபூமியை அடையலாம். சென்னையிலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை ஊரின் ஊடே செல்கிறது. மேற்கே கர்நாடகத்தின் முளுபாகலும் கோலாரும், தெற்கே தமிழ்நாட்டின் பேரணாம்பட்டும் குடியாத்தமும் அண்மையில் உள்ளன. 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றும் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. எல்லைக்கு இருபுறத்திலும் விளையும் பயிர்களில் பெரிய வேற்றுமை இல்லை. நிலக்கடலை, தக்காளி, மல்பெரி, கறவை மாடு ஆகியவையே மக்களின் பிழைப்பு. தமிழிலும் தெலுங்கிலும் ‘கூலி’ என்ற சொல்லும் ஒன்றே.

ஆனால் கூலியின் அளவு ஒன்றல்ல. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி ஆந்திரப் பிரதேசத்தில் 300 ரூபாய், தமிழ்நாட்டில் 319 ரூபாய், கர்நாடகத்தில் 349 ரூபாய். எல்லையைத் தாண்டினால் அதே மண்ணை வெட்டுவதற்கு அவ்வாண்டில் 49 ரூபாய் மிகுதியாக இருந்தது. இது தூய இட வேறுபாடு. ஏனெனில் இத்திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் விகிதம் ஒன்றே. தனியார் நிலத்திலும் கட்டடப் பணியிலும் நிலைமை வேறு. அங்கு இட வேறுபாட்டின் மேல் பால் வேறுபாடும் ஏறி நிற்கிறது.

அறுபது ஆண்டுக் கணக்கு

சுதந்திர இந்தியாவில் விவசாயத் தொழிலாளரைப் பற்றிய முதல் அகில இந்திய விசாரணை 1950-51ஆம் ஆண்டில் நடைபெற்றது. வயது வந்த ஆண் கூலியாளின் சராசரி நாட்கூலி இக்காலப் பைசாக் கணக்கில் 109 பைசா எனவும், பெண்ணின் கூலி 68 பைசா எனவும் அதில் கண்டறியப்பட்டது. 1956-57ஆம் ஆண்டின் இரண்டாம் விசாரணையில் இவை முறையே 96 நயா பைசா, 59 நயா பைசா எனக் குறைந்தன. முதல் விசாரணையில் ஆணின் கூலியை நூறு என்று கொண்டால் பெண்ணின் கூலி 62. இரண்டாவதில் 61. கூலி வீழ்ந்தபோதும் விகிதம் ஏறக்குறைய அப்படியே நின்றது.

தேசிய மாதிரி ஆய்வின் 68ஆம் சுற்று 2011-12ஆம் ஆண்டில் நடைபெற்றது. பொதுப்பணிகள் நீங்கலான தற்காலிகக் கூலி வேலையில், கிராமப்புற ஆணுக்கு நாளொன்றுக்குச் சராசரி 149 ரூபாயும், பெண்ணுக்கு 103 ரூபாயும் கிடைத்தன. விகிதம் 69. அறுபது ஆண்டுகளில் ஏற்பட்ட முன்னேற்றம் நூற்றுக்கு ஏழு அளவே.

அதே ஆய்வில் நகர்ப்புறக் கணக்கைப் பார்ப்போம். நகரத்தில் தற்காலிகக் கூலி வேலை செய்த ஆணுக்கு 182 ரூபாய். பெண்ணுக்கு 111 ரூபாய். விகிதம் 61. கிராமத்தைக் காட்டிலும் நகரத்தில் ஆணின் கூலி 33 ரூபாய் கூடுதல். பெண்ணின் கூலியோ 8 ரூபாய் மட்டுமே கூடுதல். நகரம் அளிக்கும் உயர்வில் பெரும்பகுதி ஆணின் கைக்கே செல்கிறது.

மாதச் சம்பளம் பெறுவோரிடையே இதற்கு நேர்மாறான போக்கைக் காண்கிறோம். நிரந்தர ஊதியம் பெற்ற கிராமப்புற ஆணுக்கு நாளொன்றுக்கு 322 ரூபாய், பெண்ணுக்கு 202 ரூபாய், விகிதம் 63. நகரத்தில் 470 ரூபாய்க்கு 366 ரூபாய், விகிதம் 78. எனவே நகரம் என்பதே இடைவெளியை அகற்றும் என்றோ குறைக்கும் என்றோ பொதுவாகக் கூற இயலாது. ஊதியம் எழுத்திலும் படிநிலையிலும் வரையறுக்கப்பட்ட வேலையில் நகரத்துப் பெண் முன்னேறுகிறாள். வாய்ப்பேச்சால் கூலி முடிவாகும் வேலையில் பின்தங்குகிறாள்.

உயர்ந்த கூலியும் அகன்ற இடைவெளியும்

மாநிலங்களை ஒப்பிட்டாலும் வியப்பான ஓர் உண்மை புலனாகிறது. பெண் கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னிற்கும் தென் மாநிலங்களில் இடைவெளி குறைவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. விவசாயக் கூலியில் அவ்வாறு இல்லை. 2004-05ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு விவரங்களின்படி, ஆணின் கூலி நூறு என்றால் குஜராத்தில் பெண்ணின் கூலி ஏறத்தாழ 90. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54. கேரளத்திலும் இருபாலார் கூலியும் நாட்டின் சராசரியைவிட மிக உயர்ந்திருந்தபோதிலும் இடைவெளி அகன்றே உள்ளது.

டென்மார்க்கைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் எஸ்தர் போசெரப் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் அளித்தார். வட இந்தியாவில் பெண்கள் வயல் கூலி வேலைக்கு வருவது குறைவு, தென்னிந்தியாவில் மிகுதி. பெண்கள் மிகுதியாக வரும் இடத்தில், அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட சில வேலைகளுக்குப் பலர் போட்டியிடுகின்றனர். ஆதலின் கூலி தாழ்கிறது என்பதே அவர் கருத்து. கனிகா மகாஜன், பரத் ராமஸ்வாமி ஆகிய இரு இந்தியப் பொருளியலாளர்கள் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இக்கருத்தைப் புள்ளி விவரங்களைக் கொண்டு சோதித்தனர். வடக்குக்கும் தெற்குக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைப் பெண் உழைப்பின் மிகுதி விளக்குகிறது என்று அவர்கள் கண்டனர். ஆண்கள் விவசாயத்தை விட்டுப் பிற தொழில்களுக்குச் செல்வதும் முக்கியமானது. அவ்வாறு சென்றால் வயலில் ஆண் ஆள் அரிதாகிறான். அவன் கூலி உயர்கிறது. பெண் ஆள் அரிதாவதில்லை.

குறைந்த இடைவெளியுள்ள மாநிலமே பெண்களுக்கு நல்லது என்று இதிலிருந்து முடிவு செய்தல் தவறு. பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில், கூலிக்கு வரும் சிலருக்கு நல்ல விகிதம் கிடைக்கலாம். வராத பலருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. விகிதத்துடன், எத்தனை பெண்கள் கூலி பெறுகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

வேலையின் பெயரும் கூலியின் அளவும்

பலமனேர்ப் பீடபூமியின் வயல்களில் கூலி பெரும்பாலும் வேலையின் பெயரால் குறிக்கப்படுகிறது. வேலையின் பெயரோ ஆண், பெண் என்ற பிரிவை உட்கொண்டுள்ளது. உழவு, மருந்து தெளித்தல், மூட்டை தூக்குதல், லாரியில் பாரம் ஏற்றுதல் ஆகியவை ஆண் வேலைகள். நாற்று நடுதல், களை எடுத்தல், தக்காளி பறித்தல், பறித்ததைத் தரம் பிரித்தல், கடலைக்காய் ஆய்தல் ஆகியவை பெண் வேலைகள். ஒரே தோட்டத்தில் தக்காளி பறிப்பவளுக்கும், அதைப் பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றுபவனுக்கும் கூலி வேறாக இருந்தால், ‘வேலையே வேறு’ என்பது மறுமொழியாகிறது.

பட்டு வளர்ப்பில் இது மேலும் தெளிவாகத் தெரியும். மல்பெரித் தழை பறித்தல், புழுக்களுக்கு நாள்தோறும் பல வேளை தழையிடுதல், படுக்கையைத் துப்புரவு செய்தல், முற்றிய புழுக்களைச் சந்திரிகையில் ஏற்றுதல், பட்டுக்கூடுகளைப் பிரித்தெடுத்தல் ஆகியவற்றில் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் உழைப்பு. இரவு வேளைத் தழையிடுதலும் இதில் அடங்கும். கூடுகளைச் சந்தைக்குக் கொண்டு சென்று பணம் பெறுவது பெரும்பாலும் ஆண். சொந்த வீட்டில் செய்யப்படுவதால் இவ்வுழைப்பு கூலி அட்டவணையில் ஏறுவதே இல்லை. கறவை மாட்டுக்கும் இதே நிலைமைதான்.

வேலையின் பெயரால் மதிப்பைக் குறைப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் டாகன்ஹாம் என்னுமிடத்திலுள்ள ஃபோர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் கார் இருக்கைகளின் உறைகளைத் தைத்த பெண்கள் 1968ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்தனர். தையல், தேர்ச்சி வேண்டாத வேலை என்று வகைப்படுத்தப்பட்டிருந்ததே அவர்களின் முதல் குறை. இப்போராட்டம் 1970ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சம ஊதியச் சட்டத்துக்கு வழி வகுத்தது. எனினும், அவர்களுடைய வேலை தேர்ச்சி வேலை என ஏற்கப்பட 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சேற்றில் வரிசை பிறழாது நாற்று நடுவதைத் தேர்ச்சி வேலையாக எண்ணாத நம் வழக்கத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கூலியைத் தேடிச் செல்லும் வழி

இட வேறுபாடு பால் வேறுபாடாக மாறுவதற்கு மற்றொரு வழியும் உண்டு. அது போக்குவரவு.

பலமனேரிலிருந்து பெங்களூருக்குப் பஸ் வசதி உண்டு. அங்குக் கட்டட வேலைக்குக் கிடைக்கும் கூலி உள்ளூர்க் கூலியைவிட உயர்ந்ததாயின், ஊரிலுள்ள ஆண் அங்குச் செல்லலாம். சில வாரங்கள் தங்கியும் உழைக்கலாம். அவன் செல்லாமல் ஊரிலேயே இருந்தாலும், ‘போய்விடுவேன்’ என்று சொல்லக்கூடிய நிலையே அவன் கூலியை உயர்த்துகிறது. நிலத்துக்காரர் பெங்களூர்க் கூலியை மனத்திற்கொண்டே அவனுடன் பேச வேண்டும். பெண்ணின் நிலை வேறு. காலையில் பால் கறத்தல், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், சமையல், தண்ணீர், மாலையில் மீண்டும் பால் கறத்தல் என்று அவளுடைய நாள் இரு முனைகளிலும் கட்டப்பட்டுள்ளது. நடந்து சென்று பொழுது சாயுமுன் திரும்பக்கூடிய தொலைவுக்குள்ளேயே அவள் கூலி தேட வேண்டும். ஆணின் கூலியைப் பெங்களூர் நிர்ணயிக்கிறது. பெண்ணின் கூலியைப் பக்கத்து வயல் நிர்ணயிக்கிறது. சாலை நன்றாக அமையும்தோறும் ஆணுக்கான சந்தை விரிகிறது. பெண்ணுக்கானது அதே வேகத்தில் விரிவதில்லை.

இக்கட்டின் அளவை மத்திய அரசாங்கத்தின் காலப் பயன்பாட்டு ஆய்வு காட்டுகிறது. 2024ஆம் ஆண்டின் ஆய்வில், ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கெனச் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். முதலாவது ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது ஒன்றரை மணிக்கும் குறைவு. தொலைவான கூலிக்குச் செல்லத் தேவைப்படும் நேரம் இவ்வேறுபாட்டிலேயே கரைந்துவிடுகிறது.

மூன்று மாநிலங்களும் பெண்களின் பயணச் செலவைக் குறைக்க முற்பட்டுள்ளன. சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைத் தமிழ்நாடு 2021 மே மாதத்திலும், தன் அரசுப் பஸ்களில் இவ்வசதியைக் கர்நாடகம் 2023 ஜூன் 11ஆம் நாளிலும், ஆந்திரப் பிரதேசம் 2025 ஆகஸ்ட் 15ஆம் நாளிலும் தொடங்கின. இதனால் கூலி தேடும் வட்டம் ஓரளவு விரிவடையும் என்று எதிர்பார்க்கலாம். எனினும் இவ்வசதி மாநில எல்லைக்குள் அடங்கியது. பலமனேர்ப் பெண் சித்தூருக்குக் கட்டணமின்றிச் செல்லலாம். முளுபாகலுக்கோ பெங்களூருக்கோ அவ்வாறு செல்ல இயலாது. உயர்ந்த கூலியுள்ள திசையிலேயே எல்லை குறுக்கிடுகிறது. பயணச்சீட்டு இல்லாத பஸ்ஸிலும் நேரம் செலவாகும் என்பதையும் மறத்தல் ஆகாது.

சட்டம் செய்ததும் செய்யாததும்

அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு, சமமான வேலைக்கு ஆண், பெண் இருபாலார்க்கும் சமமான ஊதியம் என்பதை அரசின் நெறியாக வகுத்துள்ளது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1951ஆம் ஆண்டுச் சம ஊதிய உடன்படிக்கையை இந்தியா 1958 செப்டம்பரில் ஏற்றது. 1976ஆம் ஆண்டில் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது. அதன் இடத்தை, 2019இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு பெற்றுள்ளது. ஒரே முதலாளியிடம் அதே வேலையை அல்லது அதையொத்த தன்மையுடைய வேலையைச் செய்வோரிடையே பால் காரணமாக ஊதியத்தில் வேறுபாடு காட்டலாகாது என்பது அதன் விதி. ‘ஒத்த தன்மை’ என்ற சொற்களே இங்கு முக்கியம். வேலைகள் முன்னரே ஆண் வேலை, பெண் வேலை எனப் பிரிக்கப்பட்டுவிட்டால், ஒப்பிடுவதற்கு அதே வேலையைச் செய்யும் ஆண் கிடைப்பதில்லை.

விகிதம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, வேலையும் அளக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு ஊரக வேலை உறுதித் திட்டம் சான்று. 2006 பிப்ரவரி 2ஆம் நாள் இத்திட்டம் தொடங்கப்பட்டது அனந்தபூர் மாவட்டத்தின் பண்ட்லபள்ளி கிராமத்தில்தான். சித்தூரும் முதற்கட்ட மாவட்டங்களுள் ஒன்று. நாடெங்கும் வேலை நாட்களில் பாதிக்கு மேல் பெண்களுடையதாயின; தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். ஆனால் அங்கும் ஓர் இடையூறு தோன்றியது. வெட்டிய மண்ணின் கன அளவைக் கொண்டு கூலி கணக்கிட்டால், மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டும் உழைப்புக் கணக்கில் குறைந்துவிடும். சுமப்போர் பெரும்பாலும் பெண்கள். ஆந்திரப் பிரதேசத்தில் வேலையையும் அதற்காகும் நேரத்தையும் அளந்து ஆராய்ந்து விகிதங்களைத் திருத்தியமைத்தனர். சம விகிதம் என்பதுடன் சரியான அளவையும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே பாடத்தைக் காணலாம். பெரும்பாலும் தமிழ்ப் பெண்களே கொழுந்து பறிக்கும் அத்தோட்டங்களில் 1984ஆம் ஆண்டில் ஆண், பெண் நாட்கூலி சமமாக்கப்பட்டது. ஆயினும் கவாத்து முதலிய ஆண் வேலைகள் குறித்த அளவு முடிந்ததும் பகலிலேயே முடிவுறுகின்றன. கொழுந்து பறிப்பவர்களோ மாலை நிறுவை வரை மலைச்சரிவில் நிற்கிறார்கள். நாட்கூலி சமம், மணிக்கூலி சமம் அல்ல.

சராசரி தரும் மயக்கம்

ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தத்தக்க இரண்டு கற்பனைக் கணக்குகளைக் காண்போம்.

முதற்கணக்கு: ஒரு தோட்டத்தில் பாரம் ஏற்றுவதற்கு 600 ரூபாய், காய் பறிப்பதற்கு 300 ரூபாய். ஆண், பெண் யாராயினும் விகிதம் இதுவே. பத்து ஆண்களில் 8 பேர் பாரம் ஏற்றுகின்றனர், 2 பேர் பறிக்கின்றனர். சராசரி 540 ரூபாய். பத்துப் பெண்களில் ஒருத்தி பாரம் ஏற்றுகிறாள், 9 பேர் பறிக்கின்றனர். சராசரி 330 ரூபாய். எவ்வேலையிலும் பால் வேறுபாடு இல்லை. சராசரியிலோ பெண் பெறுவது நூற்றுக்கு 61. சட்டம் எங்கும் மீறப்படாமலே இவ்விடைவெளி தோன்றிவிடுகிறது.

இரண்டாம் கணக்கு: ஓர் ஊரில் பத்துப் பெண்கள் கூலிக்குச் செல்கிறார்கள். ஐவர்க்கு 200 ரூபாய், ஐவர்க்கு 400 ரூபாய், சராசரி 300. மறு ஆண்டில் குறைந்த கூலி பெற்ற ஐவரும் வேலை இழந்து வீட்டில் இருக்கின்றனர். சராசரி 400 ஆகிறது. ஆணின் கூலி மாறாதிருப்பின் இடைவெளி ‘குறைந்தது’ என அட்டவணை கூறும். உண்மையில் எவருடைய கூலியும் உயரவில்லை. ஐந்து பெண்களின் வருவாய் அற்றுப்போயிற்று.

களத்தில் குறிக்க வேண்டியவை

விவரம் சேகரிக்கும் ஊழியர்கள் ‘ஆண் கூலி இவ்வளவு, பெண் கூலி இவ்வளவு’ என்று இரு எண்களை மட்டும் எழுதி வருவது போதாது. பின்வருவனவற்றையும் குறித்தல் நலம்.

1. வேலையின் பெயர், அதன் உட்பிரிவுடன். ‘அறுவடை’ என்று எழுதாமல், பறித்தல், தரம் பிரித்தல், சுமத்தல், ஏற்றுதல் எனத் தனித்தனியே எழுதுக.

2. தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும். நாட்கூலியை மணிக்கூலியாக மாற்ற இது தேவை.

3. கூலி நாள் கணக்கா, எடை அல்லது அளவுக் கணக்கா, மொத்தக் குத்தகையா என்பது. குத்தகையாயின் குழுவுக்குள் பணம் பங்கிடப்பட்ட முறை.

4. உணவு, தானியம், தீவனப்புல் முதலாகப் பொருளாக அளிக்கப்பட்டவை.

5. ஆண்டில் எத்தனை நாட்கள் அவ்வேலை கிடைத்தது என்பது.

6. வேலையிடத்தின் தொலைவும், செல்லும் வழியும். மாநில எல்லை கடக்கப்படுகிறதா என்பதும் இதில் அடங்கும்.

7. கூலியின்றிச் செய்யப்படும் பட்டுப்புழு, கறவை மாட்டு வேலைகளுக்காகும் நேரம்.

8. வீட்டில் கூலிக்குச் செல்லாத பெண்களின் எண்ணிக்கையும், முன்பு சென்று இப்போது நின்றிருப்பின் அதன் காரணமும்.

இவ்விவரங்களைப் பெண்களிடமே நேரில் கேட்டுப் பெறுதல் வேண்டும். வீட்டுத் தலைவர் கூறும் விடையில் இரவு வேளைத் தழையிடுதலும் விடியற்காலைப் பால் கறத்தலும் விடுபட்டுப் போவது இயல்பு.

ஒரே சாலையில் இருபுறமும் உள்ள கிராமங்களில், ஒரே பருவத்தில் இக்குறிப்புகளைத் திரட்டினால், இடத்தால் விளைந்த வேறுபாடு எவ்வளவு, வேலைப் பிரிவினால் விளைந்தது எவ்வளவு, எஞ்சி நிற்பது எவ்வளவு என்று பிரித்துக் காண இயலும். பரிகாரமும் அதற்கேற்ப மாறும். இடத்தால் விளைந்ததற்குப் பஸ்ஸும், குழந்தைகள் காப்பகமும், தண்ணீர்க் குழாயும் உதவும். வேலைப் பிரிவினால் விளைந்ததற்கு வேலையை மீண்டும் மதிப்பிடுதலும் புதிய பயிற்சியும் தேவை. எஞ்சியதற்கே சம ஊதியச் சட்டம் நேராக மருந்தாகும். மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாக எழுதும் வரையில், எம்மருந்து எங்குத் தேவை என்பதைத் திட்டமிடுவோர் அறிய வழியில்லை. களத்தில் நிரப்பப்படும் படிவத்திலிருந்தே அவ்வறிவு தொடங்க வேண்டும்.